சைப்ரஸுக்குக் கவ்வாத்து ஆகாது

மலைநாட்டில் செடி வெட்டத் தெரியாத வீடு குறைவு. தேயிலையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, இலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் வெறுங்கட்டையாக நிறுத்தினாலும், ஈரம் கிடைத்ததும் கட்டை முழுக்க மொட்டு வெடிக்கிறது. சில மாதத்தில், தளிரை ஒரே உயரத்தில் கிள்ளி மட்டம் உடைத்ததும், மறுபடியும் கொழுந்துக்கு வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கையில் ஊறிய அறிவு அது. அதே கையும் அதே கவ்வாத்துக் கத்தியும் முற்றத்துச் சைப்ரஸ் வேலிக்குப் போனால் வேலி செத்துப்போகும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை வழியோரங்களில் ஓட்டையும் பழுப்புமாக நிற்கிற சைப்ரஸ் வேலிகள் பலவற்றைக் கெடுத்தது பூச்சியும் அல்ல, நோயும் அல்ல. தேயிலை என்று நினைத்து வெட்டியதுதான்.

தேயிலைத் தண்டின் பட்டைக்கு அடியில் உறங்குமொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டு விழுந்தால் அவை விழித்துக்கொள்ளும். சைப்ரஸின் பழைய மரத்தில் அப்படி எழும்பக்கூடிய மொட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். செதில் செதிலாகப் பச்சை ஒட்டியிருக்கிற இளங்கிளையிலிருந்துதான் புதுத் தளிர் வரும். பச்சை முடிந்து பழுப்புக் குச்சி தொடங்குகிற இடத்தைத் தாண்டி உள்ளே கத்தரி போனால், அந்த இடம் ஒருநாளும் மூடாது. எவ்வளவு தள்ளி நடுவது, எந்த வயதில் கத்தரி எடுப்பது, வளர்ந்து கெட்ட வேலியை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்தக் குணத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் எந்தச் சாதி என்று பார்ப்போம். நம் பக்கத்தில் கிறிஸ்மஸ் மரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற மரங்களில் நான்கைந்து சாதி கலந்து கிடக்கிறது. ஒன்று ஆளுயரத்தில் அடங்கும், இன்னொன்று 80 அடியைத் தாண்டும். ஒரு அடிக் கன்றாகப் பையில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

மலைநாட்டுப் பழைய பெரிய சைப்ரஸ்களில் மொன்டரே சைப்ரஸ் முக்கியமானது. சிங்கோனா வளர்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் அதன் முழு வளர்ச்சியைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் வைக்க நினைப்பவர்கள் ஒருமுறை போய் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது நல்லது. இளமையில் கூம்பாக நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்தபின் தலை விரிந்து குடையாகிவிடும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும். காய் 2.5 முதல் 4 சென்ரிமீற்றர். இந்த மரம் இயற்கையாக முளைத்து நிற்பது உலகத்திலேயே கலிபோர்னியாக் கரையோரத்தின் இரண்டு சிறு தோப்புகளில்தான். குளிர்ந்த கடற்காற்றும் மூடுபனியும் அங்கே அடிக்கடி வந்துபோகும். நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை மூடுபனி அதற்கு ஒத்துப்போவதன் காரணம் இதுதான். 4,000 அடி உயரமுள்ள ஹட்டன், பண்டாரவளை வரை தாங்கும். 2,200 அடியில் இருக்கும் பதுளையிலும் 1,600 அடிக் கண்டியிலும் இதை வைப்பது வீண். சில வருடம் பச்சையாக நின்றுவிட்டு, வெக்கையில் தளர்ந்து, நோய்க்கு வழிவிடும்.

சந்தையில் லெமன் சைப்ரஸ் என்று சட்டியில் விற்கிற தங்கப்பச்சை நிறச் செடியும் இதே சாதியில் தெரிந்தெடுத்த ஒரு வகைதான். கோல்ட்கிரெஸ்ட் என்பது அதன் பெயர். சட்டியில் சின்னதாக இருக்கிறதே என்று வாசற்படிக்குப் பக்கத்தில் நட்டுவிடாதீர்கள். நிலத்தில் அது 15 அடிக்கு மேல் போகும்.

மெக்சிக்கோ, குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்த மெக்சிக்கன் சைப்ரஸ் நீலம் பாய்ந்த பச்சை. கிளை நுனி சற்றுத் தொங்கும். இளங்காயில் சாம்பல் பூத்திருக்கும். காய் 2 சென்ரிமீற்றரைத் தாண்டாது. மலைமழையும் குளிரும் பழகியது. உயிர்வேலிக்கும் காற்றுமறைப்புக்கும் எங்கள் முதல் தெரிவு இதுதான். தூண்போல ஒல்லியாக உயர்கிற இத்தாலியன் சைப்ரஸ், கோடையில் மழையே காணாத மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். வெலிமடை, தியத்தலாவை, பண்டாரவளை போன்ற ஊவாப் பக்கத்தில் அழகாக வரும். வருடம் முழுக்க நசநசவென்று ஈரமாக இருக்கும் மேற்குச் சரிவில் கட்டவிழ்ந்து, கிளை பிரிந்து, வேர் அழுகும். கண்டி, மாத்தளை, பதுளை உயரத்தில் அதே தோற்றம் வேண்டுமென்றால் தூஜா வையுங்கள். அது சைப்ரஸின் உறவு, வெக்கை தாங்கும். அதன் இலைக்கொத்து தட்டையாக, செங்குத்தாக நிற்கும். காயில் சின்னக் கொக்கிகள் இருக்கும்.

இடத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோட்டங்களில் கட்டிக்கொடுக்கப்பட்ட தனிவீடுகளுக்கு 7 பேர்ச் காணி என்பது பழகிய அளவு. அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு, மலசலகூடக் குழி, பாதை, மரக்கறிப் பாத்தி எல்லாம் போக மிஞ்சுவதில் முழு மொன்டரே மரத்துக்கு இடமே இல்லை. அதன் விரிவே 30 அடியைத் தாண்டும். அந்த அளவுக் காணியில் 5 அடி வேலி வைக்கலாம், அல்லது சட்டியில் ஒன்றிரண்டு வைக்கலாம். பெரிய மரம் வேண்டுமென்றால் வீட்டுச் சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மின்கம்பி நேர்மேலே போகக் கூடாது. "கம்பி தொட்டால் வெட்டிவிடலாம்" என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன குணத்தை மறந்துவிடுகிறார்கள். நுனி வெட்டிய சைப்ரஸ் மறுபடி ஒழுங்கான மரமாவது அபூர்வம்.

இன்னொன்று. மலையை வெட்டிச் சமன்செய்து வீடு கட்டியிருப்போம். பின்பக்கம் மண்சுவர் நிற்கும். அந்த வெட்டுச்சரிவின் விளிம்பில் உயரமான மரம் எதுவும் வேண்டாம். மழையில் மண் ஊறி, மேலே காற்று பிடித்து ஆட்டும்போது, வேரோடு மண்கட்டியும் சேர்ந்து இறங்கும். விளிம்பில் ஏற்கெனவே பழைய சைப்ரஸ் இருந்தால் அதன் அடிமரத்தைக் கவனியுங்கள். அடி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தாலோ, மரத்தின் மேட்டுப்பக்கம் மண்ணில் வெடிப்பு ஓடினாலோ, மண் நகர்கிறது என்று அர்த்தம். மரத்தின் நலனைப் பிறகு பார்க்கலாம். அன்றே கிராம அலுவலருக்குச் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பார்வைக்குக் கொண்டுபோங்கள்.

மண்ணுக்கு வருவோம். தேயிலை விரும்பும் மண் புளிப்பு மண், 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். (புளிப்பு கூடினால் இந்த எண் குறையும்) அதற்குச் சரி. சைப்ரஸுக்கு 5.5க்கு மேல் வேண்டும், 6, 6.5 என்றால் நன்றாக இருக்கும். பழைய தேயிலைக் காணியில், அதுவும் வருடக்கணக்காக அமோனியா உரம் விழுந்த மண்ணில், கன்று சாகாமல் நிற்கும், ஆனால் மஞ்சளடித்து வளராமல் நிற்கும். புளிப்பைக் குறைக்க, ஒரு குழிக்கு 150 கிராம் டொலமைட் சுண்ணாம்புத் தூளை, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணோடு கலந்துவையுங்கள். பழைய தேயிலைக் கட்டையும் சவுக்குக் கட்டையும் மண்ணுக்குள் இருந்தால் வேரோடு கிளறி எடுத்துவிட வேண்டும். செத்த வேரில் வாழ்கிற பூஞ்சணம் பக்கத்தில் வருகிற புது வேருக்குத் தாவும்.

புளிப்பைவிட மோசமான எதிரி, தேங்கி நிற்கும் தண்ணீர். ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் இரண்டாம் தடவை நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் நடலாம். இறங்காவிட்டால், மேட்டுப்பக்கத்தில் ஒரு அடி ஆழக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, 8 முதல் 10 அங்குலம் மண்மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். கெட்டியான களிமண்ணில் ஆழக்குழி வெட்டி, உள்ளே மெத்தென்ற கூட்டெரு நிரப்பி நடுவது நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல். சுற்றிலுமுள்ள மண்ணில் வடியாத தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். வேர் மூச்சுமுட்டும், ஈரத்தில் பரவும் வேரழுகல் பூஞ்சணம் மிச்சத்தை முடித்துவிடும்.

குழி இரண்டு அடி அகலம், பை எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம். அதற்குமேல் தோண்ட வேண்டாம், அடியை மண் கிளறும் முள்ளால் குத்தி நெகிழ்த்தினால் போதும். எடுத்த மண்ணோடு நாலில் ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு. பச்சைச் சாணம் கூடாது. சரிவில் நடும்போது பள்ளத்துப்பக்கம் கல் அடுக்கி அரைவட்ட மேடை கட்டிக்கொள்ளுங்கள். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ அதே மட்டத்தில், அல்லது அரை அங்குலம் மேலே நிற்கட்டும். கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும்.

கன்று தெரிவு செய்யும்போது பெரியதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கன்று வளர்த்து விற்கிற தவறணையில் ஐந்தடி உயரமாக நிற்கிற கன்று அந்தச் சின்னப் பைக்குள் வருடக்கணக்காக இருந்திருக்கும். வேர் பையின் அடியைச் சுற்றிச் சுற்றி முறுக்கியிருக்கும். நட்டபின் பச்சையாகவே வளரும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு யூலைக் காற்றில் அடியோடு சாயும். தோண்டிப் பார்த்தால் வேர் பந்தாக, பையின் அளவிலேயே இருக்கும். ஒன்று முதல் ஒன்றரை அடிக் கன்று போதும். பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். ஒன்றிரண்டு வேர் சுற்றியிருந்தால் கூரிய கத்தியால் நறுக்கி, மிச்சத்தை விரித்து நடலாம். முழுக்க முறுக்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சொந்தமாகக் கன்று எடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி. விதை என்றால், காய் முற்ற ஏறக்குறைய இரண்டு வருடம் எடுக்கும். பச்சைக்காயைப் பறித்துப் பயனில்லை. பழுப்பாகி, இன்னும் வாய் திறக்காத காயைப் பறித்து வெயிலில் காகிதத்தின்மேல் வையுங்கள். செதில் விரிந்து விதை உதிரும். ஈர மணலில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு வாரம் வைத்தபின் விதைத்தால் முளைப்பு கூடும். பிறகும் எல்லா விதையும் முளைக்காது. வேண்டிய அளவுக்குப் பல மடங்கு விதையுங்கள். ஆற்றுமணலும் தும்புத்தூளும் சரிபாதி. விதையின்மேல் கால் அங்குல மணல். மூன்று நான்கு வாரத்தில் முளை. நாற்று தரையோடு சுருண்டு விழுவது அதிக ஈரத்தால். தண்ணீரைக் குறைத்துக் காற்றுப் பட வைத்தால் மிச்சம் பிழைக்கும்.

குச்சி நட்டுக் கன்று எடுப்பதென்றால் இளமரத்திலிருந்து எடுங்கள். கிழமரத்துக் குச்சி வேர்விடச் சிரமப்படும். நான்கு முதல் ஆறு அங்குலக் குச்சியை, அடியில் சிறு பட்டைத் துண்டு ஒட்டிவரும்படி கீழ்நோக்கி இழுத்து எடுத்து, அடிப்பாதி இலையை நீக்கி, வேர்விடும் ஹோர்மோன் தூளில் தொட்டு, அதே மணல்-தும்புத்தூள் கலவையில் குத்துங்கள். தேயிலைக் குச்சிக்குப் போடுவதுபோல் பொலித்தீன் கூடாரமும் நிழலும் போதும். வேர்விட இரண்டு முதல் நான்கு மாதம். ஒன்றில் மட்டும் தேயிலைத் தவறணையைப் பின்பற்றாதீர்கள்: அங்கே பைக்கு நிரப்புகிற புளிப்பான அடிமண் இதற்கு உதவாது.

நடும் காலம் இரண்டு சரிவுக்கும் ஒன்றல்ல. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே கடைசியில் மழை பிடித்ததும் நடுவது வழக்கம். காற்று மறைந்த இடத்தில் அது சரி. திறந்த மேட்டில், யூன், யூலைக் காற்று புதுக்கன்றைப் பிடித்து ஆட்டியே புது வேரை அறுத்துவிடும். அங்கே ஒக்டோபர் வரை பொறுப்பதே எங்கள் தீர்மானம். ஊவாவுக்கு யோசனையே தேவையில்லை: ஒக்டோபர், நவம்பர்தான். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற உலர்காற்று ஊவாத் தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கிறது, சைப்ரஸ் கன்றின் நுனியைக் கருக்குகிறது. நவம்பர் நடுவில் நட்டாலும், சனவரி முதல் மார்ச் வரையான வறட்சிக்கு முன்னால் வேர் பிடிக்கச் சில வாரம் கிடைத்துவிடும்.

முதல் வருடத்தில் மழையில்லாத வாரங்களில் கன்றுக்கு வாரம் ஒருமுறை 5 லீற்றர், மெதுவாக, அடியில். தினமும் ஒரு குவளை தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். சுற்றி இரண்டு அடிக்குப் புல் முளைக்க விடாதீர்கள். மானாப் புல்லை மூன்று அங்குலத் தடிப்பில் மூடாக்குப் போடலாம். ஆனால் தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. ஊன்றுகோல் தேவைப்பட்டால் கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், பழைய சைக்கிள் டியூப் துண்டால் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். கட்டிலேயே வளர்ந்த தண்டு தன் காலில் நிற்கப் பழகாது.

உரம்பற்றி ஒரே வார்த்தை: குறைவாக. வருடத்துக்கு இரண்டு முறை கன்றுக்கு இரண்டு கிலோ கூட்டெரு போதும். வீட்டில் மிச்சமிருக்கிற தேயிலை உரத்தை அள்ளிப்போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தழைச்சத்து ஏறிய அந்தக் கலவை சைப்ரஸை நீட்டி மெலிய வைக்கும். மெலிந்த நுனியில் அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி ஏறும், காற்று வளைக்கும், துகள் உறைபனி கருக்கும். நுவரெலியா, கந்தப்பளைப் பள்ளங்களில் சனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழுகிற நாட்களில் முதல் இரண்டு வருடக் கன்றை மட்டும் இரவில் சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்துக்கு அந்தக் குளிர் பெரிதல்ல.

இனி வேலி. இதில்தான் அவசரம் அதிகம், கெடுவதும் அதிகம்.

கன்றுக்குக் கன்று இரண்டரை அடி. இருபது அடி வேலிக்கு எட்டுக் கன்று, இரு முனையிலும் ஒன்றேகால் அடி விட்டு. ஒரு அடிக்கு ஒன்று என்று நெருக்கினால் முதல் இரண்டு வருடம் அடர்த்தியாகத் தெரியும். பிறகு ஒன்றையொன்று நிழலடித்து, அடிக்கிளை முழுக்க உதிர்ந்து, மேலே பச்சையும் கீழே விறகுமாக நிற்கும். எல்லைக்கோட்டிலிருந்து இரண்டரை அடி உள்ளே தள்ளி நடுங்கள். வேலி கண்டிப்பாக அகலமாகும், அப்போது பக்கத்து வீட்டுப் பாதையை அது அடைத்தால் பழைய மரத்துக்குள் வெட்ட வேண்டிவரும்.

முதல் வருடம் கத்தரி வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து பக்கக்கிளைகளின் நுனியை மட்டும், அந்தப் பருவத்தில் வளர்ந்த பச்சையில் மூன்றில் ஒரு பங்கு அளவு நறுக்குங்கள். அடர்த்தி அதிலிருந்துதான் வருகிறது. பக்கத்தை வளரவிட்டுவிட்டுப் பிறகு ஒரேயடியாக உள்ளே வெட்டுவது சைப்ரஸில் நடக்காத காரியம். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். வேலி ஐந்தடி உயரம் வேண்டுமென்றால், குருத்து நான்கரை அடியைத் தாண்டியதும் அங்கே நறுக்கலாம். மேலே வருகிற புதுப்பச்சை மிச்ச அரை அடியை மூடிக்கொள்ளும்.

வேலியின் வடிவம் அடி அகலமாகவும் தலை ஒடுங்கியும் இருக்க வேண்டும். ஐந்தடி வேலிக்கு அடியில் 30 அங்குலம், தலையில் 18 அங்குலம். இருபக்கமும் இரண்டு குச்சி நட்டு நூல் கட்டி வெட்டினால் கண் ஏமாறாது. செங்குத்தாகவோ தலை பருத்தோ வெட்டிய வேலியில் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாது. வெளிச்சம் போகாத இலை உதிரும். உதிர்ந்த இடம் திரும்பாது.

ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் கையால் இலையை விலக்கி, பச்சைத்தோல் எத்தனை அங்குலம் ஆழம் என்று பாருங்கள். நல்ல வேலியிலேயே நான்கு முதல் ஆறு அங்குலம்தான் இருக்கும். அதில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் எல்லா இடத்திலும் பச்சை மிஞ்ச வேண்டும். போன தடவை வெட்டின கோட்டிலேயே மறுபடி வெட்டாமல் அரை அங்குலம் வெளியே வெட்டுவது மரத்துக்கு நல்லது. அப்படியானால் வேலி வருடத்துக்கு ஒரு அங்குலமாவது பருத்துக்கொண்டே போகும். பருக்கட்டும். அதற்காகத்தான் இரண்டரை அடி தள்ளி நடச் சொன்னது.

வருடத்துக்கு இரண்டு வெட்டு. உறைபனி போன மார்ச்சில் ஒன்று, காற்றும் மழையும் தணிகிற செப்டெம்பர் கடைசியில் இன்னொன்று. மழை தொடர்ந்து கொட்டும் வாரத்தில் வெட்டவே கூடாது. வெட்டுக்காயத்தில் ஈரம் படிந்தால் பட்டைநோய்ப் பூஞ்சணம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. இரண்டு மூன்று நாள் வானம் வெளித்திருக்கும்போது கத்தரி எடுங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கவ்வாத்துக் கத்தியால் ஓங்கி வீசாதீர்கள். கிழிந்த நுனி காய்ந்து பழுப்படிக்கும்.

வெட்டின தழையைப் பசுவுக்குப் போடாதீர்கள். மொன்டரே சைப்ரஸ் இலையில் இருக்கும் ஒரு அமிலம் சினைப்பசுவின் கருவைக் கலைக்கும், அதுவும் கடைசி மூன்று மாதத்தில். நியூசிலாந்துப் பண்ணைகளில் இது நன்கு அறியப்பட்ட கேடு. காய்ந்த தழையும் அதே கெடுதல் செய்யும். மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலியே வேண்டாம். குவித்துவைக்கவும் கூடாது: பிசின் நிறைந்த காய்ந்த சைப்ரஸ் சட்டென்று தீப்பிடிக்கும். ஊவாவில் பத்தனைப் புல்வெளி எரிகிற மாதங்களில் வேலிக்கு உள்ளே தேங்கின சருகை உதறி அகற்றிவிடுங்கள். விறகடுப்புப் புகைபோக்கியிலிருந்தும் வேலி தள்ளியே இருக்கட்டும்.

மரம் பழுப்படித்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். எங்கே பழுப்பு என்று முதலில் பாருங்கள். உள்பக்கம் எல்லாக் கிளையிலும் ஒரே சீராகப் பழுத்து உதிர்ந்து, வெளியே பச்சை நன்றாக இருந்தால், அது பழைய இலை உதிர்வது, வியாதி அல்ல. காற்று வருகிற பக்கம் மட்டும் நுனி கருகியிருந்தால் காற்றும் வறட்சியும். அடியிலிருந்து ஒரு பக்கமாக மஞ்சளேறி மேலே போனால் வேரைச் சந்தேகப்படுங்கள். அந்தப் பக்கத்துக் கான் அடைபட்டுத் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தரையை ஒட்டி இரண்டு அடி உயரத்தில் மட்டும் திட்டாகக் கருகினால் பெரும்பாலும் நாய் மூத்திரம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த இடத்துக்குத் தடுப்பு வையுங்கள்.

ஒரு கிளை மட்டும் தனியாக மஞ்சளாகி, செம்பழுப்பாகி, அதன் அடியில் பட்டை குழிந்து பிசின் வடிந்தால் அது பட்டைநோய். செய்ரிடியம் என்ற பூஞ்சணம் செய்கிற வேலை. 1928இல் கலிபோர்னியாவில், இதே மொன்டரே மரத்தில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. கரையோரக் குளிரை விட்டு உள்நாட்டு வெக்கைக்குக் கொண்டுபோன மரங்களை அது அதிகம் கொன்றது. தாழ்ந்த ஊர்களில் இந்தச் சாதி வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். தெளித்துக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குழிந்த இடத்துக்கு ஆறு அங்குலம் கீழே, நல்ல மரத்தில் வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். நடுத்தண்டில் பிடித்தால் அந்த மரத்தையே எடுப்பதுதான் வேலியின் மிச்சத்தைக் காப்பாற்றும்.

இலை கறுப்பாகப் பிசுபிசுத்து, எறும்பு வரிசையாக ஏறினால், உள்கிளையைப் பிரித்துப் பாருங்கள். சாம்பல்-பழுப்பு நிற அழுக்கணவன் குச்சியோடு ஒட்டிக் கூட்டமாக இருக்கும். 1986இல் மலாவியில் காணப்பட்டு, பிறகு கிழக்கு ஆபிரிக்காவின் மெக்சிக்கன் சைப்ரஸ் தோப்புகளைப் பெரிய அளவில் காயவைத்தது இந்த இனத்துப் பூச்சிதான். அதன் தந்திரம் என்னவென்றால், இலை பழுக்கும்போது பூச்சி போய்விட்டிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை வெள்ளைத்தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். கண்டால் முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்க வேண்டும். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் 2 மில்லிலீற்றர் மென்மையான திரவச் சவர்க்காரமும் கலந்து, மாலையில், உள்கிளை நனையும்படி அடியுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை. வெள்ளைத்தாளில் புள்ளிபோல் மிகச் சிறிய சிவப்புப் பூச்சி ஓடினால் அது சிற்றுண்ணி. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் வரும், இலை சாம்பல் நிறமாக மங்கும். தண்ணீர் பீய்ச்சுவதே அதற்குப் பாதி மருந்து.

சட்டியில் வைத்த லெமன் சைப்ரஸ் சாவது அநேகமாக ஒரே காரணத்தால்: வேர் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டது. காய்ந்தபின்னும் இலை இரண்டு மூன்று வாரம் பச்சையாகவே நிற்கும், தெரியவரும்போது மீட்க வழியில்லை. மண் 2 பங்கு, கூட்டெரு 1, ஆற்றுமணல் 1. காலை வெயில், வெளிக்காற்று. மேல்மண்ணில் விரல் நுழைத்து ஒரு அங்குலத்தில் ஈரம் குறைந்தால் தண்ணீர். சட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. நத்தாருக்கு வீட்டுக்குள் எடுத்தால் ஒரு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். கொழும்பிலுள்ள உறவினருக்குப் பரிசாகக் கொடுக்கிறவர்கள், அது அங்கே நிலைக்காது என்று சொல்லியே கொடுங்கள். அங்கே இரவுகூடக் குளிர்வதில்லை.

நத்தார் என்றதும் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. டிசம்பரில் வளர்ந்த சைப்ரஸின் தலைக்குருத்தை நாலடிக்கு வெட்டி அலங்கரிப்பார்கள். மரம் சாகாது, ஆனால் வெட்டுக்குக் கீழிருந்து இரண்டு மூன்று கிளை போட்டிபோட்டு எழும்பும். அவை சந்திக்கிற கவட்டை பலவீனமானது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, காற்றில் பிளந்து கூரைமேல் விழுவது அந்தக் கவட்டைதான். ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தால், இளசாக இருக்கும்போதே நேராக நிற்கிற ஒன்றைத் தெரிந்து மூங்கில் குச்சியோடு நிமிர்த்திக் கட்டி, மற்றவற்றைப் பாதியாக நறுக்குங்கள்.

ஏற்கெனவே பருத்து, பாதையை அடைத்து, உள்ளே விறகாகிப்போன வேலி வீட்டில் இருந்தால், உயரத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். தலை மொட்டையாகத் தெரியும், பக்கப்பச்சை அதை ஓரளவு மறைக்கும். அகலத்தைக் குறைக்க முடியாது. அப்படிப்பட்ட வேலிக்கு எதிரே, வெயில் விழுகிற பக்கத்தில், நான்கடி தள்ளிப் புதுவரிசை நடுங்கள். புதுக்கன்று மூன்றடி எட்டும்வரை பழையது காற்றை மறைத்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு பழையதை ஒவ்வொன்றாக அறுத்து, அலவாங்கு போட்டுக் கட்டையையும் தடித்த வேரையும் கிளப்பி எடுத்து, அந்தக் குழிக்கு டொலமைட் தூவி, இரண்டு போகம் போஞ்சியோ மானாப் புல்லோ வளர்த்தெடுத்தபின் மட்டும் அங்கே வேறு மரத்தைப் பற்றி யோசியுங்கள். தோட்டக் காணியில் இருப்பவர்கள் பெரிய மரத்தில் வாள் வைக்குமுன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.